பதினொரு கால அட்டவணைகள்

2025இல் பணியில் சேர்வதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, பரணில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியில் என் பழைய நோட்டுகள் அகப்பட்டன. 2019 ஜூலை முதல் 2022 ஜூலை வரை நான் போட்டுவைத்த படிப்புக் கால அட்டவணைகள் எல்லாம் அவற்றில் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொன்றிலும் காலை 4.30க்கு எழுவது முதல் இரவு 10 மணிக்குப் படுப்பது வரை ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பாடத்திற்கு ஒரு நிறமாக ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி, முடித்த கட்டங்களில் டிக் அடித்திருந்தேன். அவற்றுள் அதிக நாள் தாக்குப்பிடித்த அட்டவணையில் 9 நாட்களுக்கு டிக் இருந்தது. மற்றவை நான்கு நாள், ஆறு நாள் என்று நின்றுபோயிருந்தன. ஒன்றில் முதல் நாளின் மதியத்தோடு டிக் முடிந்திருந்தது. அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தனியாகப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, ‘எனக்கு ஏன் மனம் ஊன்ற மாட்டேன் என்கிறது’ என்று இரவில் அழுகிற யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். அன்று எனக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் துறையூருக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். பி.எஸ்சி. கணிதம் முடித்து, திருச்சியில் ஒரு துணிக்கடையில் 9,500 ரூபாய் சம்பளத்திற்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2019 ஜூனில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பு வந்தபோது அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு பயிற்சி மையத்தில் 16,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். விடுதிக்கு மாதம் 4,500 ரூபாய். பணத்திற்காக அம்மா தன் இரண்டு வளையல்களையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். பயிற்சி மையத்தில் முதல் நாள் ஊக்கவுரை ஆற்ற ஒருவர் வந்திருந்தார். இருநூறு பேர் எழுந்து நின்று கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கியது. அன்று இரவு விடுதியில் போட்டதுதான் முதல் அட்டவணை. ஐந்தாம் நாள் மாதவிலக்கு வலியில் காலையில் எழ முடியவில்லை. ஆறாம் நாள், விட்ட பாடத்தையும் சேர்த்துப் படிக்க உட்கார்ந்து, இரண்டையும் முடிக்க முடியாமல் படுத்துவிட்டேன். ஏழாம் நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை ‘புதிதாக’த் தொடங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் திங்கட்கிழமைகளை நம்பித்தான் என் மூன்று ஆண்டுகள் போயின.

2019 செப்டம்பர் 1 அன்று தேர்வு எழுதினேன். 200 கேள்விகளில் 118 சரியாக இருந்தன; அது போதவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதியிலேயே தங்கினேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்து விடுதியை மூடினார்கள், ஊருக்குத் திரும்பினேன். அதற்குள் விடுதிக்கு 9 மாதத்திற்கு 40,500 ரூபாய், பயிற்சிக் கட்டணம் 16,000, வழிகாட்டி நூல்களுக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் 7,500 என்று செலவாகியிருந்தது. ஊரடங்கின்போது ஒரு செயலிக்கு 3,000 ரூபாய் கட்டினேன். மொத்தம் 67,000. வேலையை விடாமல் இருந்திருந்தால் 2022 ஜூலைக்குள் கிடைத்திருக்கக்கூடிய 36 மாதச் சம்பளம் 3,42,000 ரூபாய் தனிக் கணக்கு. இந்தக் கணக்கை நான் முதன்முதலாக எழுதிப் பார்த்ததே 2023இல்தான். அதுவரை எழுதும் துணிவு எனக்கு இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செலவழித்ததில் பெரும்பகுதி தேவையற்றது. தேர்வின் பொது அறிவுப் பகுதிக்கும் தமிழுக்கும் அடிப்படை, 6 முதல் 12 வரையிலான அரசுப் பாடநூல்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கின்றன. இவை எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பணம் கட்டினால் மனதில் ஒரு வேகம் பிறந்தது. அந்த வேகத்திற்காகவே கட்டினேன். நாலைந்து நாளில் அது வடிந்ததும் வேறொன்றுக்குக் கட்டினேன். நீங்கள் ஒரு படிப்புக்குப் பணம் கட்டப் போகும் நாளில், சென்ற முறை கட்டியதில் எத்தனை பக்கம் படித்து முடித்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். பாதிகூட முடியவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கைப்பேசியில் ஊக்கப் பேச்சுகளைக் கேட்பேன். கேட்டு முடிக்கும்போது படித்து முடித்தது போன்ற ஒரு நிறைவு வரும். சித்தப்பாவோ அத்தையோ கேட்டால், “படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், இந்தத் தடவை போட்டுருவேன்” என்பேன். அப்படிச் சொன்ன பிறகு படிக்காத ஒவ்வொரு நாளும் இரட்டைச் சுமையானது. அப்பா வயலிலிருந்து வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். அப்பா ஒருநாளும் என்னைச் சந்தேகித்ததில்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

2021 கடைசியில் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவே தோன்றவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு பத்தியை நான்கு முறை படித்தாலும் மனதில் நிற்கவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். அம்மா வற்புறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போனார். அங்கே என் கீழ் இமையை இழுத்துப் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்து எனக்கு ஏற்பட்ட தெளிவை, எந்த ஊக்கவுரையும் அதற்கு முன் கொடுத்ததில்லை. ஆகையால் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சில வாரங்களாகத் தொடர்ந்து களைப்பும் மறதியும் இருந்தால், உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் ரத்தத்தையும் தைராய்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பற்று, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உடம்பும் மனமும் நோயுற்றிருக்கும்போது மன உறுதியைத் தேடிப் பயனில்லை.

2022 ஜூலை 24 அன்று அடுத்த தேர்வு நடந்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு அது. 2023 மார்ச் 24 அன்று முடிவு வந்தபோது என் தரவரிசை எந்தப் பணிக்கும் எட்டாத தூரத்தில் இருந்தது. அன்று நான் அழவில்லை. இந்த எட்டு மாதமும் முடிவு வரட்டும் என்று ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேனே என்பதுதான் நெஞ்சை அடைத்தது. அன்று இரவு அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “சும்மா வீட்டுலயே உக்காந்திருந்தா மனசு கெட்டுப் போயிரும். டைப்பாவது கத்துக்க, பாப்பா” என்றார். அவ்வளவுதான். என் வாழ்க்கையைத் திருப்பிய பேச்சு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. மறு வாரம் துறையூரில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த வகுப்பை நடத்திய மேடத்திற்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். நீளமான கூடத்தில் வரிசையாக மிஷின்கள். ரிப்பன் மையின் வாசனை கதவருகிலேயே வரும். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: இடக்கை விரல்களால் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலக்கை விரல்களால் செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தாள் நிறைய இதையே அடிக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு வலு போதாமல் என் தாள்களில் ஏ எழுத்து மட்டும் மங்கலாகவே விழும். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்து ஆறு நாள் போகவில்லை. ஏழாம் நாள், திட்டப் போகிறார் என்று வாசலிலேயே தயங்கி நின்றேன். மேடம் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “கையெழுத்துப் போடும்மா. தாளை மாட்டிட்டு, முதல்ல ஏ எஸ் டி எஃப் ஒரு வரி அடி. அப்புறம் எங்க விட்டியோ அங்க இருந்து போகலாம்” என்றார். “ஆறு நாள் பாடம் போச்சே மேடம், இன்னைக்கு ரெண்டு மணி நேரம் இருந்து அடிக்கட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாம். எப்பவும் போல ஒரு மணி நேரம் அடிச்சுட்டுக் கிளம்பு. இன்னைக்கு ரெண்டு மணி நேரம் அடிச்சா நாளைக்கு வர மாட்ட” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகள் நின்றுபோவதையும் திரும்பி வருவதையும் பார்த்தவர் அவர். வருபவர்களும் வராமலே போய்விடுபவர்களும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று பேருந்தில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. என் பதினொரு அட்டவணைகளிலும் தொடங்குவதற்கு வழி இருந்தது, தொடர்வதற்கும் வழி இருந்தது. விட்டுப்போனால் மறுநாள் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு கட்டமும் இல்லை. மனிதர் என்றால் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், ஊரில் சாவு விழும், சில நாட்களில் மனமே ஒத்துவராது. அந்த நாட்கள் வரவே வராது என்று எண்ணி அட்டவணை போட்டேன். வந்த பிறகு, கறை பட்ட துணியைப் போல அட்டவணையையே தூக்கிப் போட்டேன். இதைப் பற்றி ஆராய்ச்சிகளே நடந்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒருமுறை விதியை மீறியதும், ‘இன்றைய கட்டுப்பாடு கெட்டுவிட்டது, இனி என்ன’ என்று மேலும் அதிகமாக உண்பதைக் கனடாவில் ஜேனட் போலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆட்களைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் அந்தப் பழக்கம் படிவது குறிப்பிடும்படி கெடுவதில்லை என்பதும் அதில் இருந்தது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று கேட்டுக் கேட்டு, 10ஆம் நாள் தவறியவுடன் ஒன்று முதல் எண்ணத் தொடங்கியவள் நான். இதைப் படித்தபோது இறந்துபோன மூன்று ஆண்டுகளுக்காக உண்மையிலேயே துக்கப்பட்டேன்.

அதன் பிறகு அட்டவணையே போடவில்லை. திரும்பி வருவதற்கு ஒரு விதியை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: விட்ட நாளுக்கு மறுநாள், பாடநூலில் ஒரு பக்கமும் பத்துக் கேள்விகளும் மட்டும், அதற்கு மேல் அன்று படிக்கக் கூடாது. விட்டுப்போன பாடத்தைத் தனித்தாளில் குறித்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எடுப்பேன். ஞாயிறன்றும் முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு முன்னே போவேன். பாடத்திட்டத்தில் ஓரிரு ஓட்டைகள் இருப்பதால் தோற்றுப்போவதில்லை என்பதை மனம் ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், படித்த நாளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். விட்டுவிட்டுத் திரும்பி வந்த நாளுக்கு ஒரு வட்டம் போட்டேன். புள்ளியை விட வட்டத்தைத்தான் பெருமையாக எண்ணினேன். தேர்வுக்கு முன் எண்ணியபோது 14 மாதத்தில் 31 வட்டங்கள் இருந்தன. பழைய நானாக இருந்திருந்தால் முதல் வட்டம் விழும் முன்பே நின்றிருப்பேன். இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு என்னவென்று நீங்களே முடிவு செய்யலாம். ஆனால் அது காய்ச்சல் விட்ட உடம்பாலும் செய்ய முடிகிற அளவாக இருக்க வேண்டும், விட்டுப்போகும் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். விட்டுப்போன பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால், குற்ற உணர்ச்சிதான் அளவை முடிவு செய்யும்.

வேறு சிலவற்றையும் மாற்றினேன். வீட்டில் படிப்பதை நிறுத்தி, துறையூர் கிளை நூலகத்திற்குப் போகத் தொடங்கினேன். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், போய் வர ஒரு ரூபாயும் ஆகவில்லை. நூலகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அதையே வார ஓய்வாக வைத்துக்கொண்டதால், ஓய்வு எடுப்பதற்குக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் போயிற்று. மாலை 4 முதல் 8 வரை ஓர் உரக்கடையில் கணக்கு எழுதி மாதம் 5,000 ரூபாய் வாங்கினேன். முழு நேரமும் படித்தால்தான் தேற முடியும் என்று பலர் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது எல்லோருக்கும் பொருந்தாது. நாள் முழுவதும் கையில் இருந்தபோது நான் இரண்டு மணி நேரம்கூடப் படிக்கவில்லை. நாலு மணிக்குக் கடைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில்தான் காலை நேரம் எனக்கு அருமையாகத் தெரிந்தது. சொந்தச் செலவுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதியும் படிப்பில் சேர்ந்துகொண்டது.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். முன்னெல்லாம் வரலாற்றில் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவேன். பல வாரம் படித்தாலும் முன்னேறியது கண்ணுக்குத் தெரியாது. இம்முறை 25 கேள்விகள் கொண்ட திறனறிவுப் பகுதியில் தொடங்கினேன். தனிவட்டி, மீ.பெ.கா., மீ.சி.ம., வேலையும் நேரமும் என்று எல்லை உள்ள பகுதி அது. ஒரு வகைக் கணக்கைக் கற்றால் அடுத்த வாரமே மதிப்பெண் ஏறும். பழைய வினாத்தாளில் 25க்கு 13 எடுத்துக்கொண்டிருந்தவள் ஏழு வாரத்தில் 22 எடுத்தேன். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எனக்குக் கணக்கு நோட்டில் இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் வந்தது. கணிதம் படித்த எனக்கு அது. தமிழில் பற்றுள்ளவர்கள் 100 கேள்விகள் உள்ள தமிழ்ப் பகுதியில் தொடங்கலாம். அதில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் அந்த உழைப்பு எப்படியும் வீண் போகாது.

நூலகத்தில் ஓர் அக்கா பழக்கமானார். மூன்று வயதுக் குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து படிப்பார். எங்களுக்குள் ஊக்கப் பேச்சு எதுவும் கிடையாது. கிளம்பும்போது, “இன்னைக்கு எங்க நிறுத்துன?” என்று அவர் கேட்பார், “நீங்க எங்கக்கா நிறுத்துனீங்க?” என்று நான் கேட்பேன். பாடத்தின் பெயர், பக்க எண், அவ்வளவுதான் பதில். வராமல் போய்த் திரும்பி வந்த நாளில், ஏன் வரவில்லை என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. உறவினர் அனைவருக்கும் அறிவிப்பதைக் காட்டிலும், இப்படி ஒரே ஒருவரிடம் பக்க எண்ணைச் சொல்வது எவ்வளவோ மேல்.

எதற்காகப் படிக்கிறோம் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். பெற்றோரின் கனவு, ஊரில் மதிப்பு என்ற பெரிய வார்த்தைகள் மழை நாளின் காலையில் என்னை எழுப்பியதில்லை. அம்மா பாத்திரம் விளக்கும்போது வெறுமையாகத் தெரியும் அந்த மணிக்கட்டு எழுப்பியது. உங்களுடைய காரணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தால் நல்லது.

2024 ஜனவரி 30 அன்று 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே அப்பாயி (அப்பாவின் அம்மா) இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை புத்தகத்தைத் தொடவில்லை. தேர்வுக்கு நாலு மாதம்கூட இல்லாத நிலையில் 16 நாள் போனது, பழைய திங்கட்கிழமை நினைப்பை மறுபடி கொண்டுவந்தது. பதினேழாம் நாள் நூலகத்திற்குப் போய், எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பக்கத்தைப் படித்து, பத்துக் கேள்விகளுக்கு விடை குறித்துவிட்டு எழுந்தேன். இன்னும் படி என்று மனம் அடித்துக்கொண்டது. விதியை மீறக் கூடாது என்று பேருந்து ஏறிவிட்டேன். மறுநாள் நான்கு மணி நேரம் தானாக உட்கார முடிந்தது.

ஜூன் 9 அன்று தேர்வு எழுதினேன். அக்டோபர் 28 அன்று முடிவு வந்தது; இளநிலை உதவியாளர் பணி கிடைத்தது. அக்காவுக்கு அந்த முறை கிடைக்கவில்லை. அவர் இன்னும் நூலகத்திற்குப் போகிறார். இரவில் பக்க எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார். முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு வளையலை மீட்டிருக்கிறேன், இன்னொன்று வங்கியில்தான் இருக்கிறது.

இப்போது பணிபுரியும் ஊரில், ஆங்கில டைப்ரைட்டிங் முதுநிலைத் தேர்வுக்காக மாலையில் பயிற்சிக்குப் போகிறேன். நிமிடத்திற்கு 45 சொற்கள் அடிக்க வேண்டும்; இன்னும் 38ஐத் தாண்டவில்லை. சென்ற வாரம் அலுவலகத்தில் தணிக்கை நடந்ததால் ஐந்து நாள் போக முடியவில்லை. நேற்று மாலை போனேன். பதிவேட்டில் கையெழுத்திட்டு, தாளை மாட்டி, ஏ எஸ் டி எஃப் ஒரு வரி அடித்தேன். ஏ எழுத்து இப்போது மங்கலாக விழுவதில்லை.